பதினாலில் மூன்று என்னுடையது

மாலை ஆறு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் என் அலுவலகத்திலிருந்து காரை வெளியே எடுக்கும்போது இன்றைக்கும் என் கண் தானாக எதிர்ப்பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போகும். அந்தக் கடை வாசலில்தான் என் மாமியார் நிற்பார். தோளில் ரெக்சின் பை, கையில் பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலம். அத்தை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்த இடத்தைப் பார்க்காமல் வண்டியைத் திருப்ப எனக்கு வரவில்லை.

நாலு மாதம் அப்படி நின்றார். பட்டாபிராமில் ரயில் ஏறி, அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து நிற்பார். எனக்காக வந்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஊட்ல இன்னா வேலை கீது எனக்கு. சும்மா குந்திகினு டிவி பாக்கணும், அவ்ளோதானே" என்பார். எல்லாம் அந்தக் காரால் வந்தது.

கார் என் பெயரில் வாங்கியது. ஆர்.டி.ஓ. ஆபீசில் இரண்டு தடவை ஃபெயிலாகி, மூன்றாம் தடவை பாஸ் பண்ணி, அந்த லைசென்ஸை ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியவள் நான். தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, பட்டாபிராம் பையனைக் கட்டிக்கொண்டு, ஏழு வருஷம் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் தொங்கிக்கொண்டு போனவள். அதனால் அந்தக் கார் எனக்கு வெறும் கார் இல்லை.

ஷோரூமில் டெலிவரி அன்றைக்கே எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கேக் வெட்டினார்கள், ஆளுயரத்துக்கு அட்டையில் செய்த ஒரு சாவியைக் கொண்டுவந்து என் கணவர் கையில் கொடுத்தார்கள். அவரும் வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நான் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி ஓரமாக நின்றேன். ஃபோட்டோ இன்னும் வீட்டில் இருக்கிறது. பார்த்தால் என் முகம் எப்படி இருந்தது என்று தெரியும்.

அத்தை அன்றைக்கு வரவில்லை. "ரயில் கீதே, அப்பறம் இன்னாத்துக்கு காரு" என்று கேட்டதோடு சரி. எங்களுக்குள் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. கல்யாணம் எங்கள் இஷ்டத்துக்குச் செய்துகொண்டது. அவர் என்னை ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான். ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கிற தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். அந்தச் சத்தத்திலேயே இருந்ததாலோ என்னவோ, வீட்டில் அதிகம் வாய் திறக்க மாட்டார்.

வண்டி வந்து மூன்றாவது வாரம் முதல் முறையாக நின்றது. சி.டி.எச். ரோட்டில் சாயங்கால நெரிசல். முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். பொசுக்கென்று இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், உடனே பிடித்துக்கொண்டது. என் கால்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி நின்றது. அப்புறம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தடவை, திருமுல்லைவாயில் பக்கம் ஒரு தடவை.

பூந்தமல்லிப் பக்கம் அவர்களுடைய சர்வீஸ் சென்டர். முதல் தடவை போனபோது, "புது வண்டி மேடம், செட் ஆகணும்" என்றார்கள். வண்டி என்ன மருமகளா, செட் ஆவதற்கு. இரண்டாம் தடவை ஏதோ சாஃப்ட்வேர் மாற்றினோம் என்றார்கள். மூன்றாம் தடவை சர்வீஸ் அட்வைசர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு, காலை பத்து மணிக்குக் காலியாகக் கிடந்த ரோட்டில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து சிரித்தான்.

"வண்டியில ஒண்ணும் இல்ல மேடம். கிளட்ச் கொஞ்சம் பழகணும். வீட்ல சார் ஓட்டும்போது நிக்குதா?"

சார் ஓட்டுவதில்லை, நான்தான் ஓட்டுகிறேன் என்றேன். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது போல் தலையை ஆட்டினான். ஜாப் கார்டை நீட்டினான். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: வாடிக்கையாளரின் ஓட்டும் பழக்கம் காரணம். எனக்கு வந்ததே கோபம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன் என்பது வேறு விஷயம்.

நாலாம் தடவை கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அந்தப் பையன் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு பேரும் தோளில் கை போடாத குறையாகப் பேசிக்கொண்டு ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார்கள். வண்டி தேர் மாதிரி நிற்காமல் போய்விட்டு வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நீ டென்ஷன்ல கால டக்குனு எடுத்துர்ற. அதான் வேற ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் நான் எடுத்துட்டுப் போறேன், நீ ரயில்ல போ. அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' எப்போதும் வராது என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்திலேயே நாலு பேரைப் பார்த்திருக்கிறேன். லைசென்ஸ் பர்ஸில் இருக்கும், சாவி புருஷன் பாக்கெட்டில் இருக்கும். அதைவிட மோசம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் காலா, வண்டியா? படுத்தால் இதே நினைப்பு. கனவில்கூடக் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடும்போது அத்தை எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் கை கழுவப் போனதும் என்னிடம் கேட்டார்.

"எப்பப்ப நிக்குது?"

"சாயங்காலந்தான் அத்தை. டிராஃபிக்ல."

"சரி. நாளிக்கு எத்தினி மணிக்கு வெளிய வருவே? நான் வந்து நிக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஆறு மணிக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறார். கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்து, பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று கேட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு வண்டியும் நிற்கவில்லை. எனக்கு அவமானமாகப் போயிற்று. நான்காம் நாள் நின்றது. அத்தை பையைத் திறந்தார், பச்சை நூல் ஒரு துண்டை எடுத்தார், தலைக்கு மேலே இருக்கிற கைப்பிடியில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"இன்னாத்துக்கு அத்தை இது?" அவரோடு சேர்ந்து எனக்கும் அந்தப் பேச்சு தொற்றிக்கொள்ளும்.

அப்போதுதான் சொன்னார். தொழிற்சாலையில் மிஷின் சில சமயம் தையல் விட்டுவிட்டு ஓடுமாம். செக்கிங்கில் துணி திரும்பி வரும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவன் வந்து ஒரு துண்டுத் துணியை ஓட்டிக் காட்டுவானாம், அழகாக ஓடும். 'மிசினு நல்லாத்தான் கீது, உன் கைதான் சரியில்ல' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவானாம். அதனால் அந்த லைனில் இருந்த பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மிஷின் தையல் விடும்போதெல்லாம், அப்போது என்ன நூல் ஓடுகிறதோ அதில் ஒரு துண்டை வெட்டி மிஷின் கழுத்தில் கட்டிவிடுவது. எந்த நூலில் விடுகிறது, எத்தனை தடவை விடுகிறது என்று மெக்கானிக் வரும்போது அங்கேயே தொங்கும்.

"வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான். ஏசி ஓடறப்ப நின்னா பச்சை, ஏசி இல்லாதப்ப நின்னா வெள்ளை. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

அப்படித்தான் எங்கள் மாலைகள் போயின. முதலில் வண்டி நிற்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் வந்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கி வைத்து அதை மாமனாரை ஓட்ட விடாமல் செய்த கதையை ஒருநாள் சொன்னார். தன் லைன் தோழிகளோடு மாங்காட்டுக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கோயிலுக்கும் போய், அப்படியே பீச்சுக்கும் போய், வீட்டுக்கு வந்து பிரசாதம் மட்டும் காட்டிய கதை இன்னொரு நாள். நான் சிரித்துச் சிரித்து ஒருதரம் ரெட் சிக்னலைத் தாண்டியிருக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அந்த வீட்டில் நான் கேட்காத பேச்சையெல்லாம் அந்த நாலு மாதத்தில், பம்பருக்குப் பம்பர் உரசிக்கொண்டு நின்ற அந்த நெரிசலில் கேட்டேன். ரோடு காலியாக இருந்த நாளில் சீக்கிரம் வீடு வந்துவிடுகிறதே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன்.

நடுவில் இன்னொரு தடவை சர்வீஸுக்கு விட்டோம். வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உள்ளே தூசி தட்டிப் பளபளவென்று கொடுத்தார்கள். அந்த ஒரு கைப்பிடியை மட்டும் யாரும் தொடவில்லை. நூலெல்லாம் அப்படியே இருந்தது, அதன் மேல் லேசாக ஒரு குங்குமத் தீற்றல் வேறு. அட்வைசர் பையன் என்னிடம் பக்தியோடு சொன்னான்.

"வேண்டுதல் கயிறு பாத்தோம் மேடம். நம்ம பசங்க அதுல மட்டும் கை வைக்க மாட்டாங்க. நல்லதே நடக்கும்."

வண்டியைச் சரி பண்ணச் சொன்னால் சாமியிடம் தள்ளிவிடுகிறான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மேனேஜரைப் பார்க்காமல் இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்றேன். சனிக்கிழமை வாருங்கள் என்றார்கள்.

சனிக்கிழமை அத்தையும் வந்தார். கணவருக்கு ஷிஃப்ட். போகும்போதே எனக்குத் தெரியும், இதுதான் கடைசி. இன்றைக்கும் 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பினால் நான் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட வேண்டியதுதான். வீட்டில் அதைச் சொல்லியும் ஆயிற்று.

மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், தன்மையாகத்தான் பேசினார். ஸ்கேனரில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை, எங்கள் ஆட்கள் ஓட்டும்போது நிற்கவில்லை, நாங்கள் என்ன செய்வது என்றார். நான் போனை எடுத்தேன். அத்தை என்னோடு வர ஆரம்பித்ததிலிருந்து நின்ற தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

"பதினாலு தடவை நின்னிருக்கு சார். ஒண்ணு ரெண்டு இல்ல, பதினாலு. இது என் கால்னு சொல்றீங்களா?"

பக்கத்திலிருந்து அத்தை சொன்னார்.

"பதினாலு இல்ல சார். பதினொண்ணு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மூணு இவ பண்ணது. அத சேக்கக் கூடாது."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அட்வைசர் பையன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறான். அடப் பாவி மனுஷி, யாரிடம் வந்து யாரைக் காட்டிக் கொடுக்கிறாய் என்று உள்ளே கத்தினேன். வெளியே குரலை அடக்கி, "எந்த மூணு அத்தை?" என்று கேட்டேன்.

"ஒண்ணு, நான் வந்த மொத வாரம், லாரிக்காரன் குறுக்க வந்தான் பாரு, பயந்துட்டே. அப்பறம் திருமுல்லைவாயில் கிட்ட, பசங்க ரோடு க்ராஸ் பண்ணசொல்ல. மூணாவது, நீ எம் புள்ளகூட போன்ல சண்ட போட்டுகினே வந்தே, அன்னிக்கு." அப்புறம் மேனேஜரிடம் திரும்பினார். "போன்ல பேசிகினு ஓட்டாதன்னு அன்னிக்கே சொல்லிட்டேன் சார்."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் மேனேஜர் சிரிக்கவில்லை. அதுவரை நாற்காலியில் சாய்ந்திருந்தவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எது அவங்க பண்ணது, எது வண்டி பண்ணதுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"இவ பண்ணா தூக்கிப் போடும் சார். முதுகுல ஒரு இடி இடிக்கும். அதுவா நின்னா இடிக்காது. காலுக்குக் கீய ஓடிகினே இருக்கற அந்த உறுமல் சும்மா அணைஞ்சி பூடும். முப்பது வருசம் மோட்டார் மேல கால வச்சிகினு குந்தினவ சார் நான். கால்ல தெரியும்."

  அந்தப் பதினாலு தடவையும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் நான். பயத்தில் எனக்கு அது எதுவுமே தெரியவில்லை. இடித்ததா, இடிக்கவில்லையா என்று ஒருவரும் என்னைக் கேட்டதும் இல்லை.

மேனேஜர் உள்ளேயிருந்து மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவரிடம் அத்தை அதையே மறுபடி சொன்னார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படி அணையறப்ப ஏசி ஓடிட்டு இருந்துச்சா?"

"வா நைனா, வந்து பாரு" என்று அத்தை எழுந்துவிட்டார்.

வண்டியருகே போய்க் கைப்பிடியைக் காட்டினார். பதினோரு முடிச்சு. எல்லாம் பச்சை. வெள்ளை ஒன்றுகூட இல்லை. எதற்கு எந்த நிறம் என்று அத்தை விளக்க விளக்க, அட்வைசர் பையனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. குங்குமம் வைத்தவன் அவன்தான் போலிருக்கிறது. எனக்கு அத்தை மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

மெக்கானிக் ஒரு லேப்டாப்பை வண்டியோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். அத்தை பின்னால். ஏசியைப் போட்டு, கரையான்சாவடி நெரிசலில் என்னையே ஓட்டச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். என் வாழ்க்கையில் ஒரு வண்டி நின்று தொலைய வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். கடைசியில், வண்டிகள் நாலு பக்கமும் அடைத்து நின்ற இடத்தில், அது அணைந்தது. மெக்கானிக் குனிந்து என் காலைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார்.

"கிளட்ச் முழுசா அமுங்கி இருக்கு. மேடம், இது நீங்க இல்ல. வண்டிதான்."

பின்னால் எல்லா ஹாரனும் ஒன்றாக அடிக்கிறது, நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுகிறேன். அத்தை பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார். "அயுவாத. அத ஸ்டார்ட் பண்ணு மொத" என்றார்.

இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு வயர் கனெக்டர். உள்ளே சூடு ஏறி, ஏசி ஓடி, வண்டியும் நகராமல் நின்றால் அது ஒரு நொடி தொடர்பு விட்டுப்போகிறது. மறுபடி சாவியைத் திருப்பினால் சேர்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். புதிதாக மாற்றி, நாலு நாள் வைத்திருந்து, அதே நெரிசலில் தினமும் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார்கள். வண்டியை எடுக்கப் போனபோது பழைய ஜாப் கார்டைக் கொண்டுவரச் சொன்னேன். அந்த 'ஓட்டும் பழக்கம்' என்ற வரியை மேனேஜர் தன் கையால் அடித்துக் கையெழுத்துப் போடும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அத்தை அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

வெளியே வந்ததும் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏன் அத்தை, அத்தனை பேர் முன்னால அந்த மூணையும் சொல்லணுமா?"

"சொல்லாம பதினாலுன்னு சொல்லிருந்தா, மருமகளுக்கு மாமியா சாட்சின்னு போயிருப்பானுங்க" என்றார். கார்க் கதவைத் திறந்துகொண்டே, "அப்போ மிசினுகிட்ட எனக்கு சாட்சி சொன்னவளுங்க ஒருத்தியும் அப்படிப் பிரிச்சிச் சொல்லல. தப்பெல்லாம் மிசினோடதுன்னே சொன்னாளுங்க. அதான் ஒருத்தனும் நம்பல" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இப்போது நினைத்தால் அதுதான் அடித்துக்கொள்கிறது. எந்த வருஷம், என்ன நடந்தது, அவரை என்ன செய்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வண்டி கிடைத்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

பருத்திப்பட்டு தாண்டி ஆவடியை நெருங்கும்போது நல்ல நெரிசல். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி அணைந்தது.

 நாலு மாதமும் ஒரு நொடியில் திரும்பி வந்து மேலே உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவர் வேர்க்கடலையை மென்றுகொண்டு நேராக ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"இது நீ."

பின்னால் ஹாரன் கிழிகிறது. நான் சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. என் தப்பு என்று ஒருவர் சொல்லிக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது.